பேர் போட்டது யார்?

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மாதச் சம்பளக்காரர் வீடு என்றால் ஒரு காலத்தில் வாத்தியார் வீடு, கிராம நிர்வாக அலுவலர் வீடு, மில்லில் நிரந்தரமானவர் வீடு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் கூலி, குத்தகை, காண்ட்ராக்ட். வானம் பார்த்த பூமியில் பருத்தியும் மிளகாயும் கொத்தமல்லியும் வெள்ளாமை. அது தப்பிப்போனால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவது அடுத்த வழி. அருப்புக்கோட்டைக்குள் நுழைந்தால் தறி. இவை எதற்கும் நியமன ஆணை கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. செய்த வேலைக்கு ஒரே சாட்சி, வேலை கொடுத்தவரின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி.

இந்த ஊர்களின் பிள்ளைகள் காரியாபட்டி, விருதுநகர், சிவகாசி, கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் பொறியியல் முடித்து, சென்னை, பெங்களூரு வழியாக வெளிநாடு போகத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகப்போகிறது. கனடாவுக்குப் போனவர்களுக்கு அங்கே பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமைதான் இலக்கு. அதற்கான விண்ணப்பத்தில் அவர்கள் எதிர்கொள்ளும் சிக்கலான கேள்வி ஒன்று அவர்கள் தாத்தாவிடம் கேட்டிருக்க வேண்டியது: நீ செய்தது யாருடைய வேலை? ஒருவரிடம் வேலைக்கு இருந்தாயா, அல்லது உன் தொழிலை நீயே செய்தாயா?

கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்டி பி.ஆர். பெறும் வழி 2008-ல் திறந்தது. கனேடிய அனுபவப் பிரிவு என்பது அதன் பெயர். 2015 ஜனவரி முதல் அது எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளிக் கணக்குக்குள் வந்துவிட்டது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள், கனடாவில், திறன்சார் வேலை என்று பட்டியலிடப்பட்ட ஏதேனும் ஒன்றில் ஓராண்டு அனுபவம் வேண்டும். ஓராண்டு என்றால் வாரத்துக்கு 30 மணி நேரம் வீதம் 1,560 மணி நேரம். வாரத்துக்கு 60 மணி நேரம் உழைத்து ஆறே மாதத்தில் முடித்துவிடலாம் என்றால் நடக்காது. 30-க்கு மேல் போனது கணக்கில் சேராது. பகுதிநேர வேலைகளைக் கூட்டிக்கொள்ளலாம், நடுவில் இடைவெளி இருக்கலாம், முதலாளி மாறலாம்.

காண்ட்ராக்ட் வேலை கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஆறு மாத ஒப்பந்தம், ஓராண்டு ஒப்பந்தம், ஏஜென்சி வழியாக வந்த தற்காலிக வேலை எல்லாமே எண்ணப்படும். கனடாவின் குடியேற்ற ஒழுங்குவிதி 87.1 விலக்கி வைப்பது மூன்றை: முழுநேரம் படித்துக்கொண்டிருந்த காலத்து வேலை, அனுமதி இல்லாமல் செய்த வேலை, சுயதொழில். காண்ட்ராக்ட்காரர் மாட்டிக்கொள்வது மூன்றாவதில்.

டொராண்டோவில் ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கி நேரடியாக எடுக்காது. ஏஜென்சி வழியாக எடுக்கும். ஏஜென்சியிலிருந்து அழைப்பவர், சம்பளம் பேசும் முன்பே, டி-4-ஆ இன்கார்ப்பரேட்டடா என்று கேட்பார். டி-4 என்றால் நீங்கள் ஏஜென்சியின் ஊழியர். இன்கார்ப்பரேட்டட் என்றால் உங்கள் பேரில் ஒரு கம்பெனி பதிவு செய்து, அந்தக் கம்பெனி ஏஜென்சிக்கு பில் போட வேண்டும். இரண்டாவதில் மணிக்கூலி கூடுதல். ஏஜென்சிக்கு ஓய்வூதியப் பங்கு, வேலையின்மைக் காப்பீட்டுப் பங்கு, விடுமுறைச் சம்பளம் எல்லாம் மிச்சம் அல்லவா, அதில் ஒரு பகுதிதான் அந்தக் கூடுதல். கையில் ஓப்பன் ஒர்க் பெர்மிட் வைத்திருக்கும் இளைஞனுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கச் சட்டத்தில் தடையே இல்லை. படிப்பு முடித்தவர்களுக்குத் தரப்படும் அந்த பெர்மிட் அதிகபட்சம் 3 ஆண்டு, ஒரே ஒரு முறைதான். அதை வைத்துக்கொண்டு சுயதொழில் செய்வது முழுக்கச் சட்டபூர்வமானது. ஆனால் அந்த மணி நேரங்கள் 1,560-ல் சேராது. செய்ய அனுமதி உண்டு, செய்ததற்குக் கணக்கு இல்லை. இரண்டு ஆண்டு இப்படி ஓட்டிவிட்டு மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொள்பவருக்கு மிஞ்சுவது பன்னிரண்டே மாதம். அதற்குள் வேலை மாறி, முழு ஓராண்டையும் சேர்த்தாக வேண்டும்.

வித்தியாசம் ஒரு தாளில் தெரிந்துவிடும். டி-4 என்பது முதலாளி ஆண்டுதோறும் தரும் வருமானச் சீட்டு. அதில் 14-ஆம் கட்டத்தில் சம்பளம், 16-ல் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிடித்தது, 18-ல் வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பிடித்தது, 22-ல் வருமான வரி. இந்த நான்கு கட்டங்களும் நிரம்பியிருந்தால் குடியேற்ற அதிகாரிக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. டி-4ஏ என்பது வேறு சீட்டு. அதன் 48-ஆம் கட்டத்தில் சேவைக்கான கட்டணம் என்று ஒரே தொகை இருக்கும், பிடித்தம் எதுவும் இருக்காது. சொந்தக் கம்பெனி வைத்திருப்பவருக்கு அதுகூட வராமல், 13 சதவீத விற்பனை வரி சேர்த்து அவரே போட்ட ஒன்டாரியோ பில்கள் மட்டும் ஒரு கட்டு இருக்கும். தன் கம்பெனியிலிருந்து தனக்கே டி-4 போட்டுக்கொண்டால் தப்பிக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். கம்பெனியும் தானே, ஊழியரும் தானே என்னும்போது அதிகாரி அதைச் சுயதொழில் என்றே பார்ப்பார் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

சீட்டு மட்டுமே முடிவு செய்துவிடும் என்றும் இல்லை. யார் ஊழியர், யார் தனித் தொழில் செய்பவர் என்று பிரிக்கும் அளவுகோலைக் கனடா ஒரு கதவு வியாபாரியின் வழக்கிலிருந்து எடுத்தது. கால்கரியில் கதவுகள் மாட்டிக் கொடுத்து, பழுதும் பார்க்கும் வீப் டோர் என்ற நிறுவனம், தன் ஆட்களிடம் நீங்கள் தனித்தனிச் சொந்தத் தொழில்காரர்கள் என்று பேசி வைத்திருந்தது. வருவாய்த் துறை ஒப்புக்கொள்ளவில்லை. இவர்கள் ஊழியர்கள், ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டுக்கும் பணம் கட்டு என்றது. 1986-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னது: வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், கருவிகள் யாருடையவை, லாபம் பார்க்கும் வாய்ப்பு யாருக்கு, நட்டம் யார் தலையில். 2001-ல் சாகஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த ஒரு சோதனையும் தனியாக முடிவைத் தந்துவிடாது என்றும், அந்த ஆள் தன் சொந்தக் கணக்கில் தொழில் நடத்துகிறாரா என்பதே மையக் கேள்வி என்றும் சொன்னது. குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பதும் இதே மாதிரியான அடையாளங்களைத்தான்.

இந்த நான்கு கேள்விகளையும் அருப்புக்கோட்டையில் கூலிக்கு நெய்யும் ஒரு நெசவாளியிடம் கேட்டுப் பாருங்கள். தறி அவருடையது, வீடும் அவருடையது. பாவும் ஊடையும் ஜவுளி முதலாளி கொடுத்தவை. எந்தக் கரை, என்ன நிறம் என்று முடிவு செய்வது முதலாளி. எத்தனை மணிக்குத் தறியில் உட்காருவது என்பது நெசவாளி இஷ்டம். சேலை விற்காவிட்டால் நட்டம் முதலாளிக்கு. பாவு வரத் தாமதமானால் பட்டினி நெசவாளிக்கு. வீட்டிலுள்ளவர்கள் தார் சுற்றித் தருகிறார்கள். அவர்களை வேலைக்கு வைத்தது யார்? ஒரு கேள்வி இவரை ஊழியர் என்கிறது, அடுத்தது முதலாளி என்கிறது. கரிமூட்டத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை. மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், வெட்டுக்கூலிக்கு வந்தவர்கள் சிலர். மூட்டத்துக்குள் காற்று புகுந்து கரி எல்லாம் சாம்பலாகிப் போனால் கை சுடுவது குத்தகைக்காரருக்கு. வெட்டுக்காரர் அரிவாளைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தார் என்பதற்காக அவரைத் தொழிலதிபர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நம் உச்ச நீதிமன்றமும் இந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்திருக்கிறது. 1973-ல் சில்வர் ஜூபிலி தையல் கடை வழக்கில், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, இஷ்டப்பட்ட நேரத்தில் வந்துபோன தையல்காரர்களைக் கடையின் ஊழியர்கள் என்றே தீர்ப்பளித்தது. எந்திரங்கள் பெரும்பாலும் கடையுடையவை. தைத்தது சரியில்லை என்றால் திருப்பித் தரும் அதிகாரம் கடைக்காரருடையது. அது போதும் என்றார்கள். அங்கே இந்தக் கேள்வி தொழிலாளிக்குப் பாதுகாப்பு தருவதற்காக எழுந்தது. கனடாவின் கதவு வழக்கிலும் அப்படித்தான். ஓய்வூதியத்தையும் காப்பீட்டையும் உறுதி செய்யப் பிறந்த ஒரு சோதனையைக் குடியேற்றச் சட்டம் இரவல் வாங்கி, ஆளை வடிகட்டும் சல்லடையாக வைத்துக்கொண்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே டொராண்டோ இளைஞனைக் கனடாவின் வருவாய்த் துறை எப்படிப் பார்க்கும்? ஒரே வங்கிக்கு, வங்கி கொடுத்த மடிக்கணினியில், வங்கி மேலாளர் சொன்ன வேலையை, காலை முதல் மாலை வரை செய்கிறான். நடுவில் ஒரு கம்பெனிப் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. இதற்கு வருமான வரிச் சட்டத்தில் தனியாக ஒரு வகைப்பாடே உண்டு: அந்தக் கம்பெனி இல்லாவிட்டால் இவனை வங்கியின் ஊழியர் என்றே கருதுவோம் என்னும்படி இருந்தால், சிறுதொழிலுக்கான வரிச் சலுகை கிடையாது, கழிவுகளும் பெரும்பாலும் கிடையாது. வரி அலுவலகம், நீ உண்மையில் ஊழியன், தொழில்காரன் வேஷம் போடாதே என்கிறது. குடியேற்ற அலுவலகம், நீ தொழில்காரன், ஊழியன் என்று சொல்லிக்கொள்ளாதே என்கிறது. ஒரே ஆள், ஒரே நாற்காலி, இரண்டு பதில். இரண்டுமே அவனுக்குப் பாதகம். தனித்தனியாகப் படித்தால் இரண்டு சட்டத்திலும் நியாயம் தெரிகிறது. சேர்த்து வைத்தால் எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படியானால் ஏன் இந்த விலக்கு? உழைப்பின் தரத்தைப் பற்றிய சந்தேகம் இதில் இல்லை. வெளிநாட்டில் செய்த வேலையைக் காட்டி விண்ணப்பிக்கும் கூட்டாட்சித் திறனாளர் பிரிவில் சுயதொழில் அனுபவத்துக்கு இடமுண்டு. சென்னையில் சொந்தமாகக் கட்டட வரைபட அலுவலகம் நடத்தியவர் அதைக் காட்டி, 100-க்கு 67 புள்ளி எடுத்து, அந்த வாசல் வழியாக வரலாம். சிக்கல் சாட்சியில் இருக்கிறது. நான் இந்த வேலை செய்தேன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதை உறுதிப்படுத்த மறுபுறம் யாரும் இல்லை. என் உழைப்புக்கு இன்னொருவர் கையெழுத்துப் போட்டு, தன் பணத்திலிருந்து பங்கும் கட்டியிருந்தால் அரசுக்கு வேலை எளிது. சட்டம் எண்ணுவது அந்தக் கையெழுத்தை.

சுயதொழில் வருமானத்தையும் எண்ணிப் பார்த்த நாடு ஒன்று உண்டு, பிரிட்டன். அங்கே டியர் 1 (ஜெனரல்) என்ற விசாவில் சம்பளம், சொந்தத் தொழில் வருமானம் இரண்டுக்கும் புள்ளி கொடுத்தார்கள். புதியவர்களுக்கு அதை 2011-ல் மூடிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் நிரந்தர உரிமை கேட்டபோது, உள்துறையிடம் சொன்ன வருமானமும் வரித் துறையிடம் சொன்ன வருமானமும் பொருந்தாத விண்ணப்பங்கள் வரிசையாக வெளியே வந்தன. சிலர் புள்ளிக்காகக் கூட்டிச் சொன்னவர்கள், சிலர் வரிக்காகக் குறைத்துச் சொன்னவர்கள், சிலர் கணக்கரின் பிழையில் சிக்கியவர்கள். நன்னடத்தையைப் பற்றிய 322(5) என்ற விதியின் கீழ் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து மறுத்தார்கள். தெற்காசியர்கள் பலர் இதில் அடிபட்டார்கள். நேர்மைக் குறைவு என்று முடிவு கட்டுமுன் அவரிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டாமா என்று 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உள்துறையைக் கண்டித்தது. எண்ணினாலும் தொல்லை, எண்ணாவிட்டாலும் தொல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கனடா தன் விலக்கைத் தானே தளர்த்தியதும் உண்டு. அங்கே மருத்துவர்கள் பலர் சம்பளத்துக்கு இருப்பதில்லை. பார்த்த நோயாளிக்கு இவ்வளவு என்று மாகாணக் காப்பீட்டிடம் கட்டணம் வாங்குகிறார்கள். ஆகவே ஏட்டின்படி சுயதொழில். நாடெங்கும் மருத்துவர் பற்றாக்குறை. ஏற்கெனவே வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவரின் அனுபவமோ பூஜ்யம். 2023-ல் அவர்களுக்கு மட்டும் தனிக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்து விலக்கிலிருந்து விடுவித்தார்கள். மென்பொருள் காண்ட்ராக்ட்காரருக்கு அந்தச் சலுகை வரவில்லை. வருவதற்கான காலமாகவும் தெரியவில்லை: 2025-க்கான பி.ஆர். இலக்கை முன்பு திட்டமிட்ட 5 லட்சத்திலிருந்து 3,95,000-க்குக் குறைத்தது ஒட்டாவா. அந்த ஆண்டு மார்ச்சில், வேலைக்கான ஆணை வைத்திருப்பவர்களுக்குத் தந்துவந்த கூடுதல் புள்ளிகளையும் எடுத்துவிட்டது. ஆள் வேண்டும் என்ற காலத்தில் விதி நெகிழும்; வேண்டாம் என்ற காலத்தில் அதே விதி வரிக்கு வரி வாசிக்கப்படும்.

கனடாவில் ஏஜென்சி ஊழியராகவே இருப்பவர்களுக்கும் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. அனுபவக் கடிதத்தில் பதவி, செய்த பணிகள், தேதிகள், வார மணி நேரம், சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும். சம்பளம் கொடுத்த ஏஜென்சிக்கு அவர் உள்ளே என்ன செய்தார் என்று தெரியாது. கண்ணால் பார்த்த வங்கி மேலாளரோ, இவர் எங்கள் ஊழியர் அல்ல, நான் எழுத முடியாது என்பார். ஏஜென்சியிடம் சம்பளத்துக்கும் நேரத்துக்கும் ஒரு கடிதம், மேலாளரிடம் பணிகளுக்கு ஒரு கடிதம், கூடவே டி-4, ஒப்பந்தம், வரி மதிப்பீட்டு அறிக்கை என்று சேர்த்து வைப்பவர்கள் தப்பிக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்து ஓராண்டு கழித்துக் கேட்டால் அந்த மேலாளர் வேறு வங்கிக்குப் போயிருப்பார்.

அமெரிக்காவில் கணக்கே வேறு. அங்கே பெரும்பாலோருக்கு உழைத்த ஆண்டுகள் சேர்ந்து பச்சை அட்டை ஆவதில்லை. முழுநேர நிரந்தர வேலை ஒன்றைத் தர ஒரு முதலாளி முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும். சென்னை மென்பொருள்காரர்களை எச்-1பி விசாவில் கூட்டிப்போய் வேறு கம்பெனிகளின் அலுவலகங்களில் உட்கார வைத்த ஒப்பந்த நிறுவனங்களைப் பார்த்து, உண்மையில் இந்த ஆள் யாருக்கு ஊழியர் என்று 2010 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை கேட்டது. நியூஃபெல்ட் குறிப்பு என்று அதற்குப் பெயர். பத்தாண்டு ஆட்டிவைத்து, நீதிமன்றத்தில் தோற்று, 2020-ல் திரும்பப் பெறப்பட்டது. பச்சை அட்டைக்கு முதலாளி விண்ணப்பிப்பதற்கென 2005-ல் வந்த பெர்ம் விதிகளில் காண்ட்ராக்ட்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இன்னும் இருக்கிறது. இந்த வேலைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு அனுபவம் வேண்டும் என்று முதலாளி சொல்லும்போது, தன்னிடமே அந்த ஆள் பெற்ற அனுபவத்தைப் பொதுவாகச் சேர்க்க முடியாது. அவர் அங்கே முதலில் காண்ட்ராக்டில் நுழைந்திருந்தால், நுழைந்த அன்று கையிலிருந்த அனுபவம்தான் அளவு. ஒரு கம்பெனியில் மூன்றாண்டு காண்ட்ராக்டில் வேலை கற்று, பிறகு அங்கேயே நிரந்தரமானவருக்கு அந்த மூன்றாண்டு பெரும்பாலும் பயன்படாது. இதையும் தாண்டினால் பச்சை அட்டையில் நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பும் இந்தியர்களின் நீண்ட வரிசையும் காத்திருக்கின்றன.

பரளச்சிப் பக்கத்துக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை வட்டாரம் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் ராமநாதபுரம் முக்கியமானது. கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார். கடன் துண்டுச் சீட்டில் ஏறும். அந்தத் துண்டு முறையை 1921-ல் ஒழித்தார்கள். தோட்டத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு. அன்றைய வேலைக்கு அதில் பேர் போட்டால் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. கனடா கேட்கும் அத்தனை சாட்சியும் அந்த செக்ரோலில் இருந்தது: யார் முதலாளி, எந்த நாள், எவ்வளவு வேலை, என்ன பிடித்தம்.

இருந்து என்ன? இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் பரம்பரையைக் கேட்டது, உழைப்பைக் கேட்கவில்லை. 1949-ன் இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் சட்டம் கொஞ்சம் வழி விட்டது: திருமணமானவர் 1946 ஜனவரி 1-க்கு முன் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. தாய் சாவுக்கோ தங்கை கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்து மழை பார்த்து விதைத்துவிட்டுப் போகலாம் என்று தங்கியவர்களுக்கு இது எமனாக வந்தது. 1951 ஆகஸ்டில் கெடு முடிந்தபோது 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. பதிவானவர்கள் சுமார் 1,34,000 பேர். மீதிக் கணக்கு 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் போனது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒன்றரை லட்சத்தை 1974-ல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. கடைசியாக மிச்சமிருந்தவர்களுக்கு இலங்கை 2003-ல் தனிச் சட்டம் போட்டது.

இன்று இந்த வட்டாரத்திலிருந்து போகிறவர்களில் பொறியாளர்களோடு சிங்கப்பூருக்குப் போகிற கட்டட வேலைக்காரர்களும் கப்பல் பட்டறை வேலைக்காரர்களும் இருக்கிறார்கள். அங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்பவர் பி.ஆர். கேட்கலாம். ஒர்க் பெர்மிட்காரர் வேலையைக் காட்டிக் கேட்க முடியாது. பத்தாண்டு ஆனாலும் இருபதாண்டு ஆனாலும் அதே நிலைதான். 2016 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் முதலாளிகள் வகைவாரியாகப் பிரித்த சம்பளச் சீட்டை ஒவ்வொரு தொழிலாளிக்கும் கட்டாயம் கொடுக்க வேண்டும்: அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம் மணி நேரம், படி, பிடித்தம், காலம் எல்லாம் அதில் உண்டு. முதலாளி யார் என்பதில் துளியும் சந்தேகம் இல்லாத, கனடாவின் அதிகாரி பார்த்தால் திருப்தியடையும் தாள்கள். அவற்றைக் காட்டி ஒர்க் பெர்மிட்காரர் அருப்புக்கோட்டையில் வங்கிக் கடன் கேட்கலாம். சிங்கப்பூரின் பி.ஆர். விண்ணப்பத்தில் அவற்றை இணைக்க அவருக்கு இடமில்லை.